சூரை மீது பழி போட்டவர்களுக்கு ஒரு பழைய வாத்தியாரின் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துப் படியுங்கள். பாதியில் விடுகிறவர்கள் தயவுசெய்து கீழே கருத்துச் சொல்ல வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் தெருச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘சூரை மீன் விஷம். காதுகுத்து வீட்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தெருவில் கூடையில் மீன் கொண்டு வரும் பெண்மணியிடம் யாரும் வாங்க வேண்டாம். ஞாயிறு கூட்டத்தில் பேசி அவரைத் தெருவுக்குள் விடுவதில்லை என்று முடிவெடுப்போம்.’ அதற்குக் கீழே 23 கட்டைவிரல். எண்ணிப் பார்த்தேன்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “எந்தச் சூரை?” என்றேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டு, “எல்லாச் சூரையும் ஒண்ணுதானே சார்” என்று எழுதினார். அவர் என் நண்பர். காலையில் சேர்ந்துதான் நடைக்குப் போகிறோம். ஆனாலும் அவருக்கும் அந்த 23 பேருக்கும் பதில் சொல்லாமல் இருந்தால் நான் 36 வருடம் சாக்பீஸ் பிடித்ததற்கு அர்த்தமில்லை.

முதலில் அந்த அம்மா. பதினைந்து வருடமாக இந்தத் தெருவுக்கு வருகிறார். விடியற்காலை கரிமேடு மார்க்கெட்டில் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வந்து, ஒன்பது மணிக்குள் விற்று முடித்துவிட்டுப் போகிறவர். ஒரு பழைய தெர்மோகோல் பெட்டியில் ஐஸ், அதற்கு மேல் ஈரச்சாக்கு. மீனைத் தலையோடு காட்டிவிட்டு நம் கண் முன்னால்தான் அறுப்பார். “தலையப் பாத்து வாங்குங்க சார், துண்டப் பாத்து வாங்காதீக” என்பது அவர் எனக்குச் சொன்ன புத்திமதி. ஒருமுறை அக்னி நட்சத்திரத்தில் பெட்டியில் ஐஸ் முழுக்கக் கரைந்து போயிருந்தது. நான் வேண்டாம் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் கூடையை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் தவறே செய்யாதவர் என்று நான் சத்தியம் பண்ண வரவில்லை. நடந்த சம்பவத்தில் அவருக்குப் பங்கில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

காதுகுத்து வீட்டில் நடந்தது இது. மத்தியானப் பந்தியில் பிரியாணியோடு ‘வஞ்சிரம் வறுவல்’ என்று பரிமாறினார்கள். நானும் அந்தப் பந்தியில் இருந்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வந்தது. ஒருவருக்கு நெஞ்சு படபடப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சமையல்காரரிடம் கேட்டதில், அது வஞ்சிரம் இல்லை, சூரை என்று ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான். ‘சூரையா! அந்தக் கூடைக்காரிகிட்டதான் சூரை இருக்கும்’ என்று கதை கிளம்பிவிட்டது. அந்தச் சமையல்காரர் மீன் எடுத்தது மொத்தக் கடையில், முதல் நாள் சாயங்காலம். ராத்திரி மண்டபத்துப் பின்கட்டில் சாக்கோடு கிடந்திருக்கிறது. ஐஸ் போட்டோம் என்கிறார்கள். போட்டது எத்தனை மணிக்குக் கரைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கும் அந்த மீனுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

பந்தியிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. மசாலாவைக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன். வஞ்சிரத் துண்டை நடுவில் பிளந்தால் சதை வெளிறி இருக்கும். கருஞ்சதை என்பது தோலுக்கு அடியில், பக்கவாட்டில் மெல்லிய கீற்றாகத்தான் ஓடும். சூரையில் அப்படி இல்லை. நடுமுள்ளை ஒட்டி இரண்டு பக்கமும் ஈரல் நிறத்தில் கறுத்த சதை உள்வரை போயிருக்கும். துண்டின் வடிவமும் வேறு. வஞ்சிரத் துண்டு இரண்டு பக்கமும் அமுக்கிய மாதிரி நீள்வட்டமாக இருக்கும். சூரைத் துண்டு ஏறக்குறைய வட்டம். என் இலையில் இருந்தது வட்டம். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். “சார், விருந்துக்கு வந்த எடத்துல பாடம் நடத்தாதீங்க” என்றார். அவருக்குத்தான் முதலில் அரிப்பு வந்தது. இதைச் சொல்லிக் காட்டக் கூடாதுதான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இந்த விவரமெல்லாம் மதுரைக்காரனான எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் சொல்லிக் கொடுத்தது.

1981-ல் எனக்கு முதல் வேலை மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரத் தொடக்கப் பள்ளியில். ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கரும்பலகையில் ஒரு மீன் வரைந்து ‘செவுள், துடுப்பு, செதில்’ என்று எழுதினேன். ஒரு பையன் எழுந்து, “சார், இது என்ன மீனு?” என்றான். “மீன்தான்டா” என்றேன். வகுப்பே சிரித்தது. அவர்களுக்கு ‘மீன்’ என்று ஒரு மீன் கிடையாது. நம்மிடம் ஒருவன் வந்து, இது ‘மரம்’, அதன் பழத்தைச் சாப்பிடு என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

மறுநாள் அவன் ஓலைப்பெட்டியில் இரண்டு மீன் கொண்டு வந்து பள்ளித் திண்ணையில் வைத்தான். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் நீலக்கறுப்பு முதுகு, வெள்ளி வயிறு, தோட்டா மாதிரி உடம்பு. “ரெண்டு முதுகுத் துடுப்புக்கும் நடுவுல வெரல வச்சுப் பாருங்க சார்” என்றான். ஒன்றில் முதல் துடுப்பு முடிகிற இடத்திலேயே அடுத்தது ஆரம்பித்துவிட்டது. விரல் நுழைய இடமில்லை. இன்னொன்றில் நடுவே நாலு விரல் தாராளமாகப் போயிற்று. “ஒட்டி இருக்கிறது சூரை. தள்ளி இருக்கிறது எலிச்சூரை. சூரைக்கு நெஞ்சுல பொட்டு இருக்கும், பாருங்க” என்றான். பக்கத்துடுப்புக்குக் கீழே மை தெளித்த மாதிரி மூன்று நாலு கறும்புள்ளி. எலிச்சூரைக்கு அது இல்லை. அன்று நான் மாணவன், அவன் வாத்தியார். இன்றைக்கும் மார்க்கெட்டில் நான் முதலில் பார்ப்பது அந்த விரல் இடைவெளியைத்தான்.

அந்த மண்டபத்தில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949-லிருந்து, 1971-ல் கொச்சிக்குப் போகும் வரை இருந்தது. நான் போன காலத்தில் அது பிராந்திய நிலையமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இருந்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்துப் புத்தகங்கள் வாங்கி வந்து படிப்பேன். பையன் சொன்னதும் புத்தகம் சொன்னதும் ஒத்துப்போனபோது பையன் மீது மரியாதை இன்னும் கூடியது.

ஆகவே வங்கி நண்பருக்குச் சொல்கிறேன், எல்லாச் சூரையும் ஒன்று இல்லை. நம் மார்க்கெட்டுக்கு வருவதில் முக்கியமானது நாலு.

சாதாரணமாகச் சூரை என்று நாம் சொல்வது, முதுகின் பின்பாதியில் மட்டும் சாய்வான உடைந்த கோடுகளும் நெஞ்சில் புள்ளிகளும் உள்ளது. முதுகுத் துடுப்புகள் ஒட்டி இருக்கும். குழம்புக்கு இதுதான் ராஜா என்பது என் அபிப்பிராயம். வரிச்சூரைக்கு முதுகில் ஒன்றுமே இருக்காது. கோடெல்லாம் வயிற்றில், நீளவாக்கில் நாலு முதல் ஆறு வரை இருக்கும். உலகத்தில் பிடிபடுகிற சூரையில் பாதிக்கு மேல் இந்த ஒரே இனம். டின்னில் அடைத்து வருவது பெரும்பாலும் இதுதான். எலிச்சூரை சிறியது, ஒரு முழத்தைத் தாண்டுவது அபூர்வம். நான் சொன்ன நாலுவிரல் இடைவெளி இதன் அடையாளம். இதன் சதை கறுப்பு, ரத்தம் அதிகம், சீக்கிரம் கெடும். பிடித்த அன்றே சாப்பிட்டால் ருசி. மதுரைக்கு வந்து சேர்ந்த எலிச்சூரையை நான் வாங்குவதில்லை. நாலாவது, மஞ்சள்துடுப்புச் சூரை. குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் கேரை என்பார்கள். பெரிதாக வளரும். இரண்டாம் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் மஞ்சளாக நீண்டு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். அதற்குப் பின்னால் வால் வரை வரிசையாக இருக்கும் குட்டித் துடுப்புகளும் பளிச்சென்ற மஞ்சள். சதை இளஞ்சிவப்பு. வறுவலுக்கு வஞ்சிரத்துக்குச் சமமாக இதை நான் வைப்பேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

முதுகில் சாய்வாக நீளக்கோடு ஓடும் போனிட்டோ என்று ஒரு உறவுக்காரனும் உண்டு. பல் பெரிதாக இருக்கும். மதுரையில் நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அதை விடுங்கள்.

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும், அதுவும் குழப்பம்தான். வஞ்சிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வஞ்சிரம். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா. நாகர்கோவிலில் நெய்மீன். யாழ்ப்பாணத்தில் அறக்குளா. அதே ‘சீலா’வைச் சென்னையில் கேட்டால் ஊளி மீனை எடுத்துக் கொடுப்பார்கள். மதுரை நடுவில் இருக்கிறது. எல்லாப் பக்கத்து மீனும் வருகிறது, எல்லாப் பக்கத்துப் பெயரும் வருகிறது. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

வஞ்சிரத்திலும் ஒன்று இல்லை, மூன்று. உடம்பில் குறுக்கே அலை அலையாகக் கோடு இறங்குவது ஒன்று. வட்டப் புள்ளிகள் வரிசையாக இருப்பது ஒன்று. நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக இருப்பது ஒன்று. கோடு போட்டது பெரிதாக வளரும், அதைத்தான் துண்டு போட்டு ஆயிரத்துக்கு மேல் விற்கிறார்கள். புள்ளி போட்டதைக் குறைந்த விலைக்குக் கேளுங்கள். ருசியில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இதே ஜாடையில் மூக்கு நீண்டு, கிளி அலகு மாதிரி வாயோடு இன்னொரு நீளமான மீன் வரும். வாஹூ என்று புத்தகத்தில் பெயர். அதுவும் நல்ல மீன்தான், ஆனால் வஞ்சிர விலை கொடுக்க வேண்டியதில்லை. உடம்பின் பக்கக்கோட்டைப் பாருங்கள். வாஹூவில் அது முதல் துடுப்புக்குக் கீழேயே திடீரென்று இறங்கிவிடும். கோடு போட்ட வஞ்சிரத்தில் இரண்டாம் துடுப்பு முடிகிற இடத்தில்தான் இறங்கும். துண்டு போட்ட பிறகு இதில் எதுவும் தெரியாது. தலையைப் பார்த்து வாங்கச் சொன்ன அந்த அம்மாவின் சொல் இதனால்தான்.

இப்போது ‘விஷம்’ விஷயத்துக்கு வருகிறேன்.

சூரை, வஞ்சிரம், அயிலை மூன்றும் விலங்கியல்படி ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற ஒரு அமினோ அமிலம் அதிகம். மீன் செத்த பிறகு குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடும். அரிப்பு, முகச்சிவப்பு, தலைவலி, படபடப்பு எல்லாம் அந்த ஹிஸ்டமின் வேலை. பந்தியில் நடந்தது அச்சு அசலாக இதுதான். பயங்கரம் என்னவென்றால், ஒருமுறை உண்டாகிவிட்டால் அதை வேகவைத்தும் போக்க முடியாது, பொரித்தும் போக்க முடியாது, ஃப்ரீசரில் வைத்தும் போக்க முடியாது. நாற்றம் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாக்கில் மிளகு பட்டது போல ஒரு சுரீர் மட்டும் சில சமயம் தெரியும். நம் ஊர் மசாலாவில் அதுவும் தெரியாது. ஆக, அந்தப் பந்தியில் உண்மையான வஞ்சிரத்தையே வாங்கி அதே சாக்கில் ராத்திரி முழுக்கப் போட்டிருந்தாலும் இதே அரிப்பு வந்திருக்கலாம். குற்றவாளி வெயிலும் நேரமும். மீனின் சாதி இல்லை.

சூரைக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு, அதையும் மறைக்கவில்லை. மற்ற மீன்களின் உடம்பு கடல் தண்ணீரின் சூட்டில்தான் இருக்கும். சூரை ஓயாமல் நீந்துகிற மீன். உடம்பில் உண்டாகிற சூடு வெளியே போகாமல் ரத்தக்குழாய்களே பின்னல் போட்டுத் தடுத்து வைக்கும். தண்ணீரைவிட அதன் சதை சூடு. தூண்டிலிலோ வலையிலோ மாட்டித் துடிக்கும்போது இன்னும் ஏறும். அதனால் பிடித்த உடனே ரத்தத்தை வடியவிட்டு, வயிற்றைக் கழுவி, ஐஸில் புதைக்க வேண்டும். அந்தப் பையனின் தாத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “சூரைய நம்ம வெயில்ல போட்டா, அது நம்மளப் பாயில போட்டுரும்.” அவர் ஹிஸ்டமின் என்ற வார்த்தையைக் கேட்டதே இல்லை.

பாதரசம் இருக்கிறதே என்று ஒருவர் குழுவில் ஆங்கிலச் செய்தி ஒன்றைப் பகிர்ந்திருந்தார். அவர் முழுதாகப் படிக்கவில்லை. பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்க்கும் என்பது உண்மை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் பெருங்கண் சூரை இருக்கிறது. கூடவே கிங் மேக்கரல் இருக்கிறது. அது யார் தெரியுமா? அட்லாண்டிக் கடலின் வஞ்சிரம், நம் வஞ்சிரத்தின் சித்தப்பா மகன். அதே நிர்வாகம் வரிச்சூரை அடைத்த சாதாரண டின்னை நல்ல மீன்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. பெரிய மீனை அளவாகச் சாப்பிடுங்கள், சின்ன மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். வஞ்சிரம் சாமி, சூரை பூதம் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை.

பிறகு எதற்கு இந்த வெறுப்பு? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். சூரை விலை குறைவு. போன வாரம் வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டியது, சூரை இருநூற்றுச் சொச்சம். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாசனை வருகிறதென்றால் அது சூரை, சாளை, அயிலையாகத்தான் இருக்கும். ஏழை சாப்பிடுகிறது மட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று நமக்குள் ஒரு கணக்கு. இதே தெருவில் ஒரு வீட்டுப் பையன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். சூப்பர் மார்க்கெட்டில் டூனா டின் வாங்கிப் புரதம் புரதம் என்று சாப்பிடுகிறான். அவன் அப்பாதான் குழுவில் இரண்டாவதாகக் கட்டைவிரல் வைத்தவர். டூனா என்றால் சூரை ஐயா! உங்கள் மகன் தினமும் சாப்பிடுகிறானே, அந்த ‘விஷம்’தான் அது. 100 கிராம் சூரையில் 22, 23 கிராம் புரதம் இருக்கிறது. டின் இல்லாமல் கூடையில் வந்தால் மட்டும் அது எப்படி விஷமாகும்?

ஜப்பான்காரன் இதே வரிச்சூரையை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காய வைத்துச் சீவித்தான் அவன் ரசத்துக்கு ருசி ஏற்றுகிறான். லட்சத்தீவில், குறிப்பாக மினிக்காயில், அதைத் தூண்டில் கழியால் பிடித்து மாசியாக்குகிறார்கள். இலங்கைத் தமிழர் வீட்டில் மாசிச் சம்பல் இல்லாமல் இடியாப்பம் இறங்காது. என் மருமகள் வழி உறவினர் ஒருவர் திருகோணமலையிலிருந்து வந்தபோது ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அது சூரை என்று நான் அன்று சொல்லவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

இதில் எனக்கு உண்மையான கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம் மீனவர்கள் பாக் நீரிணையில் இழுவைப் படகோடு போய், எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவதைப் பற்றிக் கண்ணீர் விடாத ஆள் இந்தக் குழுவில் இல்லை. அதற்குத் தீர்வு என்று 2017-ல் ஒரு திட்டம் வந்தது. இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கிற தூண்டில், செவுள்வலைப் படகு வாங்கிக்கொள்ள வேண்டும். படகு ஒன்று 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம். மூன்று வருடத்தில் 2,000 படகு என்று இலக்கு. அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. கடன் சுமை, ஆழ்கடல் பழக்கமின்மை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒரு மீனவன் பத்து, பதினைந்து நாள் ஆழ்கடலில் கிடந்து சூரை பிடித்துக் கொண்டு வந்தால் அதை யார் வாங்குவது? 170 கிலோமீட்டர் தூரத்தில் இவ்வளவு பெரிய மதுரை இருக்கிறது. அந்த மதுரை, சூரையா என்று மூக்கைச் சுளிக்கிறது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் எத்தனையோ வருடமாக அந்த ஆழ்கடல் வேலையைச் செய்கிறார்கள். தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளத்துக்காரர்கள் வலை போட்டுச் சூரை கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற விலை நம் நாக்கில்தான் இருக்கிறது. மீனவனுக்காக முகநூலில் கறுப்புப் படம் வைப்பதைவிட அவன் பிடித்த சூரையில் ஒரு கிலோ வாங்குவது கஷ்டமா?

இன்னொரு சின்ன விஷயம், தமிழ் வாத்தியார் புத்தி விடமாட்டேன் என்கிறது. சுறா வேறு, சூரை வேறு, சூடை வேறு. சுறாவுக்கு வல்லின ‘ற’, சூரைக்கு இடையின ‘ர’. சூடை என்பது கைக்குள் அடங்குகிற சின்ன மீன். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்க என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். ஹோட்டல் பலகையில் ‘சூரா புட்டு’ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது எது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இரண்டையும் உதிர்த்து வெங்காயம் போட்டு வதக்கிவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. எழுத்துப் பிழைதானே என்று விட்டால் அங்கே விலைப் பிழையும் சேர்ந்து வருகிறது.

சூரையை வீட்டில் சமைக்கத் தெரியாமல்தான் பலர் வெறுக்கிறார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் கைப்பக்குவம் இது. அறுக்கும்போதே நடுமுள்ளை ஒட்டின கறுத்த சதையைத் தனியாக எடுத்துவிடச் சொல்ல வேண்டும். பூனை இருந்தால் அதற்கு யோகம். மீதியைக் கல் உப்புப் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் சிவப்புப் போகிற வரை அலச வேண்டும். புளி கொஞ்சம் தூக்கலாக, மிளகு சேர்த்து அரைத்த மசாலா, நல்லெண்ணெய். குழம்பு நன்றாகக் கொதித்து வந்த பிறகுதான் துண்டுகளைப் போட வேண்டும். அளவாக வெந்ததும் இறக்கிவிட வேண்டும். அதிகம் கொதித்தால் சூரை சக்கை மாதிரி வறண்டுவிடும், பிறகு மீனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அன்றைக்கே சாப்பிடுவதைவிட மறுநாள் பழைய சோற்றோடு நன்றாக இருக்கும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சங்கத்துக்கு என் கோரிக்கை. அந்த அம்மாவைத் தடுக்கிற தீர்மானத்தைக் கொண்டு வராதீர்கள். கொண்டு வந்தால் நான் எழுந்து எதிர்ப்பேன். அதற்குப் பதிலாக விசேஷ வீட்டுக்காரர்கள் எல்லாரும் சமையல்காரரிடம் மூன்றே கேள்வி கேட்கட்டும். மீனின் பெயர் என்ன, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், ஐஸ் எத்தனை கட்டி. மீனைத் தலையோடு மண்டபத்துக்குக் கொண்டு வந்து நம் வீட்டு ஆள் ஒருவர் பார்த்த பிறகு அறுக்கட்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மீன் கடைகளில் ஃபார்மலின் தேடுகிறார்கள், நல்லது. மண்டபத்துப் பின்கட்டுகளையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். வஞ்சிரம் என்று விலை வாங்கிக்கொண்டு சூரை போட்டவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது காதுகுத்து வீட்டுக்காரரின் உரிமை. அவர் சங்கடப்பட்டுக் கேட்காமல் இருக்கிறார். எளிய ஆள் மீது கோபப்பட மட்டும் நமக்கு யாருக்கும் சங்கடம் வரவில்லை, பாருங்கள்.

இந்த மூன்று நாளில் அந்த அம்மா ஒருநாள்தான் வந்தார். எட்டு கிலோ கொண்டு வந்ததில் ஆறு கிலோ திரும்பிப் போயிற்று. “என்ன சார், எம் மேல எதுவும் கோவமா எல்லாருக்கும்?” என்று கேட்டார். அவருக்கு வாட்ஸ்அப் கிடையாது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், நான் இரண்டு கிலோ வாங்கினேன். எங்கள் வீட்டில் இரண்டே பேர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம். அன்று காலை கரிமேட்டில் ஒரு சூரை, ஒரு எலிச்சூரை, ஒரு புள்ளி வஞ்சிரம், மூன்றையும் தலையோடு எடுத்துத் தரச் சொல்லி அந்த அம்மாவிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் வரை தாங்க ஐஸ் பெட்டி என் மகனுடையது. மேசை மேல் மூன்றையும் வைப்பேன். கட்டைவிரல் வைத்த 23 பேரும் வாருங்கள். அதே விரலை மீனின் முதுகுத் துடுப்புகளுக்கு நடுவில் வைத்து, எது எது என்று சொல்லுங்கள். சரியாகச் சொல்கிறவர் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடட்டும்.